ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமை விட முடியவில்லை. வாங்கிப் போட்ட மற்ற கேம்களை எப்போது ஆடுவது?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஸ்டார்டியூவில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடியும். நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். பருவத்துக்கு 28 நாள். ஆக ஒரு பருவம் ஆறரை மணி நேரம், ஒரு வருடம் 26 மணி நேரம். படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும் என்பதால் "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று இழுத்துக்கொண்டே போகும்.

நிறுத்த நல்ல இடம் 28ஆம் தேதி இரவு. பருவம் மாறினால் பெரும்பாலான பயிர் கருகிவிடும், பாதியில் விட்ட வேலை என்று எதுவும் இருக்காது. வசந்தம் 13இல் முட்டைத் திருவிழாவில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரியை நட்டுவிட்டு நிறுத்தினால், ஒரு மாதம் கழித்து வரும்போது என்ன திட்டம் வைத்திருந்தோம் என்றே மறந்திருக்கும். அவசரமும் வேண்டாம்: பண்ணையை உங்களுக்கு விட்டுச்சென்ற தாத்தா மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வந்து உங்கள் பண்ணையை மதிப்பிடுவார்; மதிப்பீடு குறைந்தாலும், அவர் நினைவிடத்தில் ஒரு வைரம் வைத்தால் மறுபடி மதிப்பிடுவார்.

கணினி கேம்களை வாங்கும் ஸ்டீம் தளத்தின் லைப்ரரியில் ஆடாதவற்றை மட்டும் வடிகட்டி ஒரு கலெக்‌ஷன் போடுங்கள். அதில் இரண்டை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். இன்னொரு பண்ணை கேம் மட்டும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்தே அலுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம் கொடுங்கள். பிடிக்கவில்லையா, ஹைட் செய்துவிடுங்கள். வாங்கி 14 நாள் ஆகாமல், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தையே திரும்பக் கேட்கலாம்.