பந்தலுக்குப் பழமா, பூவா? கொடிகளைப் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கொடிகளைப் பற்றிய கேள்விகள். இரண்டு வரியில் தீர்பவற்றை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். உட்கார்ந்து பேச வேண்டியவற்றுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டு வாசலில் ஒரே ஒரு பந்தலுக்குத்தான் இடம் இருக்கிறது. திராட்சையா, முல்லையா என்று வீட்டில் இரண்டு கட்சிகள். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: தீர்ப்புக்கு முன் இரண்டு சாட்சிகளை விசாரிக்க வேண்டும். முதல் சாட்சி வெயில். விடுமுறை நாள் ஒன்றில், அந்த இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் திராட்சைக் கட்சி அங்கேயே தோற்றது. பழத்தில் ஏறும் சர்க்கரை முழுவதும் இலைகள் வெயிலில் தயாரித்தவை. நிழலில் வளர்ந்த திராட்சை இலையாக மட்டும் நிற்கும். கூடவே சாம்பல் நோயும் வந்து குடியேறும். முல்லைக்கும் வெயில் பிடிக்கும்தான். ஆனால் கொஞ்சம் குறைந்தாலும் பூக்களைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும்.

இரண்டாவது சாட்சி, கத்தரிக்கோல் பிடிக்கப்போகும் ஆள். பூங்கொடியை ஓராண்டு கவனிக்காமல் விட்டால் தாறுமாறாக வளரும், ஆனாலும் பூக்கும். பழக்கொடியிடம் அந்தத் தாராளம் கிடையாது. கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்யாவிட்டால் காய்ப்பு நிற்கும். காய்த்தாலோ பாரம் தாங்குகிற பந்தல் வேண்டும், அணிலுக்கும் பறவைக்கும் முந்திக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ‘எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று பொருள்.

நீங்கள் ‘வாசலில்’ என்று எழுதியிருப்பதையும் கவனித்தேன். பழுத்த திராட்சை உதிரும், நசுங்கும், எறும்பையும் குளவியையும் கூட்டி வரும். ஆள் நடக்கிற இடத்துக்கு மேலே பழப்பந்தல் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே முல்லைக்கு என் ஓட்டு. வீட்டின் பக்கவாட்டில் வெயில் விழும் இடம் இருந்தால் திராட்சைக் கட்சியை அங்கே குடியேற்றுங்கள்.

கேள்வி: திராட்சை வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பந்தல் முழுவதும் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஒரு கொத்துகூட இல்லை. நான் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. பாவம், வளரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பதில்: அந்த ‘பாவம்’தான் காரணம். திராட்சைக் கொத்து பழைய தண்டில் நேரடியாக வராது. சென்ற பருவத்தில் விளைந்து முற்றிய குச்சியில் உள்ள மொட்டு விழித்து, அதிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, அந்தத் தளிரில்தான் கொத்து வரும். நீங்கள் வெட்டாமல் விட்டபோது கொடி தன் பலத்தையெல்லாம் நுனியில் செலவழித்து நீண்டுகொண்டே போனது. உள்ளே இருந்த மொட்டுகள் இலைக் கூரையின் இருட்டில் மாட்டிக்கொண்டன. அடுத்த பருவத்தில் கொத்தாக வேண்டுமா என்பதை ஒரு மொட்டு முந்தைய பருவத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. அப்போது அதன் மேல் வெளிச்சம் பட்டிருக்க வேண்டும்.

திராட்சையின் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே வகைத் துளிரிலிருந்து பிறக்கின்றன. இரண்டும் இலைக்கு எதிர்ப்புறத்தில்தான் வரும். சில சமயம் ஒரு பற்றுக்கம்பியின் நுனியில் நாலைந்து பழங்கள் மட்டும் தொங்குவதைப் பார்க்கலாம். கம்பியாவதா, கொத்தாவதா என்ற குழப்பத்தில் பாதி வழியில் நின்றுவிட்டவை அவை.

செய்ய வேண்டியது இது. அடித்தண்டையும் இரண்டு மூன்று முதன்மைக் கிளைகளையும் வைத்துக்கொண்டு, மற்றக் குச்சிகளைக் குட்டையாக்குங்கள். பல வகைகளில் குச்சிக்கு இரண்டு அல்லது மூன்று கணுக்கள் விட்டால் போதும். தாம்சன் சீட்லெஸ் போன்ற விதையில்லா வகைகளில் அடிக்கணு மொட்டுகள் பெரும்பாலும் மலடு. அவற்றில் எட்டு முதல் பன்னிரண்டு கணுக்கள் வரை நீளமாக விட வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிரும் இடங்களில், கொடி உறங்கும்போது வெட்டலாம். இலையே உதிராத வெப்பமான இடங்களில் கவாத்துதான் கொடியைத் தட்டி எழுப்பும். வெட்டியபின் பந்தல் மொட்டையாக நிற்பதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பத்தில் எட்டுப் பங்கு போய்விட்டதே என்று தோன்றினால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: பேஷன் ஃபுரூட் என்னும் தாட்பூட்பழக்கொடி நூற்றுக்கணக்கில் பூக்கிறது. எல்லாப் பூவும் மறுநாள் உதிர்ந்துவிடுகின்றன. எங்களுக்கு இது வெறும் அழகுக் கொடியாகவே இருந்துவிடுமோ?

பதில்: அழகுக் கொடியாக இருந்தாலும் நஷ்டமில்லாத பூ அது. ஆனாலும் காய்க்க வைத்துவிடலாம். முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஊதாப் பழ வகை தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. மஞ்சள் பழ வகை அப்படியில்லை. தன் மகரந்தத்தை அது ஏற்காது. வேறொரு கொடியிலிருந்து வர வேண்டும். ஒரே தாய்க்கொடியிலிருந்து பதியன் போட்ட இரண்டு கொடிகள் பக்கத்தில் நின்றாலும் பயனில்லை, இரண்டும் ஒன்றுதான். விதையிலிருந்து முளைத்த இன்னொரு கொடியை வைத்துப் பாருங்கள்.

வகையை அறியப் பழத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, பூவே சொல்லிவிடும். ஊதா வகை விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். மஞ்சள் வகை நண்பகல் வாக்கில் விரிந்து இரவு வரை திறந்திருக்கும்.

அடுத்த சிக்கல் ஆள் பற்றாக்குறை. மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பகுதியான சூலகமுடி, பூவில் உயரத்தில் இருக்கிறது. சின்னத் தேனீ கீழே தேனைக் குடித்துவிட்டு மேலே எதையும் தொடாமலே போய்விடும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீதான் அந்தப் பூவின் அளவுக்குப் பொருத்தமானது. அது மட்கும் மரத்தில் துளையிட்டுக் குடியிருக்கும். தோட்டத்தில் ஒரு காய்ந்த மரத்துண்டை விட்டுவைத்தால் வர வாய்ப்புண்டு. வராவிட்டால் உங்கள் கைதான் வண்டு. பூ விரிந்தவுடன் சூலகமுடியின் மூன்று கிளைகளும் நிமிர்ந்து நிற்கும். சிறிது நேரத்தில் அவை மெதுவாகக் கீழே வளையும். வளைந்தபின் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைத் தடவுங்கள். கடைசி வரை வளையாமல் நிற்கும் பூவில் உழைக்காதீர்கள், அது காய்க்காது. மழை நேரத்திலும் வேண்டாம். ஈரம் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும். தழைச்சத்தையும் குறையுங்கள்.

காய் பிடித்தபின் இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். பறிக்க அவசரப்பட வேண்டாம், பழுத்தால் தானே விழும். இந்தக் கொடிக்கு ஆயுள் குறைவு, சில ஆண்டுகளில் களைத்துவிடும். மூன்றாம் ஆண்டிலேயே ஒரு நாற்றைத் தயார் செய்துவிடுங்கள்.

கேள்வி: கொடி ஏற்றினால் சுவர் கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்தக் கொடி என்பதைப் பொறுத்தது. கொடி வாங்குகிறவர்கள் பூவின் படத்தைப் பார்க்கிறார்கள். அது எதைக்கொண்டு ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

சங்குப்பூ, அவரை, மயில்மாணிக்கம் போன்றவை தண்டாலேயே சுற்றி ஏறும். இவற்றுக்குக் கயிறோ குச்சியோ போதும், சுவரைத் தொடக்கூடச் செய்யாது. திராட்சை, தாட்பூட்பழம், பாகல், பீர்க்கு எல்லாம் பற்றுக்கம்பி வைத்துப் பிடிப்பவை. இவற்றுக்கு மெல்லிய பிடி வேண்டும்; தடித்த தூணைக் காட்டினால் வளைத்துப் பிடிக்க முடியாமல் தடுமாறும். தூணில் கம்பி வலையைச் சுற்றிவிட்டால் ஏறிவிடும். 1865-இல் கொடிகளைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின் இந்தப் பற்றுக்கம்பிகளில் மனம் பறிகொடுத்தவர். நுனி எதையாவது பிடித்தபின் கம்பி சுருளும் விதத்தைப் பாருங்கள்: பாதி ஒரு திசையில், மீதி எதிர்த் திசையில், நடுவில் ஒரு நேர்த்துண்டு. இரண்டு முனையும் கட்டுண்ட கம்பி முறுக்கிக்கொள்ளாமல் சுருள வேறு வழியில்லை. காற்றடிக்கும்போது அது வில்லாக வேலை செய்கிறது.

காகிதப்பூவும் கொடிரோஜாவும் முள்ளை மாட்டிச் சாய்ந்து ஏறுபவை. நீங்கள்தான் கட்டிவிட வேண்டும்.

சுவருக்குப் பிரச்சினை நான்காம் வகையால்தான். ஐவியும் சுவரோடு படரும் அத்தியும் ஒட்டுவேர் விட்டுச் சுவரிலேயே ஏறும். விரிசல் இல்லாத உறுதியான சுவரை அவை பெரும்பாலும் சிதைப்பதில்லை. ஆனால் பூச்சு தளர்ந்த சுவரில், விரிசல் உள்ள இடத்தில் வேர் நுழைந்து அகலப்படுத்தும். பிய்த்தெடுக்கும்போது சாயமும் பூச்சும் சேர்ந்து வரும், வேர்த்தடம் சுவரில் நிற்கும். மற்ற வகைகளுக்குச் சுவரிலிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளிச் சட்டம் அடித்தால் போதும். காற்றும் ஓடும், சுவரும் காயும்.

கேள்வி: காகிதப்பூ பூக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாதம் தவறாமல் உரம் போடுகிறேன்.

பதில்: இரண்டையும் நிறுத்துங்கள். மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர். வசதியாக இருக்கும்வரை அது இலைதான் விடும். முழு வெயிலும் வேண்டும். நாம் பூ என்று நினைக்கும் அந்த நிறத்தாள்கள் பூவைச் சூழ்ந்த இலைகள். உள்ளே வெள்ளையாக, குழாய்போல இருப்பதுதான் பூ.

கேள்வி: கோவைக்கொடி ஒன்று வேலியில் தானாக வந்தது. பூக்கிறது, காய்க்கவில்லை.

பதில்: ஆண் கொடியாக இருக்கும். கோவையில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடிகள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போன்ற புடைப்பு இருக்கும்; பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்ப் பகுதியில் கிவி வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ஒரே பந்தலில் பழக்கொடியும் பூங்கொடியும் சேர்த்து ஏற்றலாமா?

பதில்: இரண்டும் பல்லாண்டுக் கொடிகள் என்றால் வேண்டாம். முந்தியது பிந்தியதை மூடிவிடும். கவாத்துக் காலமும் வேறுவேறு. எந்தக் குச்சி யாருடையது என்று பிரித்தெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் திராட்சை பந்தலை எட்டுவதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆகும் அல்லவா? அந்த இடைவெளியில் ஓரத்தில் சங்குப்பூவை ஏற்றுங்கள். விதைத்த சில வாரங்களில் பூத்துவிடும், பயறு இனம் என்பதால் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தையும் சேர்க்கும், தேவை முடிந்ததும் அறுத்துவிடலாம்.

கேள்வி: சிறு குழந்தையும் நாயும் உள்ள வீடு. பழக்கொடிதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

பதில்: பாதி சரி. அழகுக்கு வளர்ப்பவற்றில் செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. குன்றிமணி விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நிறமோ குழந்தையைக் கூப்பிடுகிற நிறம். அலமாண்டாவின் பால் தோலில் எரிச்சல் தரும். இவற்றைத் தவிருங்கள். ஆனால் நாய்க்குத் திராட்சைப் பழமே ஆகாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாட்பூட்பழத்தின் பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. உங்களுக்கு முல்லையே போதும்.

கேள்வி: ரங்கூன் மல்லியில் ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மூன்று நிறம். ஒட்டுக்கட்டிய செடியா?

பதில்: இல்லை, மூன்றும் ஒரே பூவின் மூன்று வயது. மாலையில் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சியை அழைக்கும். அடுத்தடுத்த நாள்களில் சிவக்கும்போது தேனீக்களும் பறவைகளும் வரும். பெரிய மரக்கொடி அது, சின்னப் பந்தலை அமுக்கிவிடும்.

கேள்வி: டிராகன் பழத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, பழமா, அழகா?

பதில்: இரண்டிலும். வேர்விட்டு ஏறும் கள்ளி அது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உறுதியான தூணும் உச்சியில் ஒரு வளையமும் கொடுங்கள். உச்சியைத் தாண்டிக் கீழே தொங்கும் தண்டுகளில்தான் பூக்கும். பூ ஒரே இரவுதான், காலையில் வாடிவிடும். பல சிவப்பு வகைகளுக்கு வேறு வகையின் மகரந்தம் தேவை. மொட்டு உப்பிச் சாயங்காலத்தில் பிரியத் தொடங்குகிறதென்றால் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள். கையில் டார்ச்சும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போங்கள், குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள்.