பறிமுதலும் நியாயமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மைத்துனர், லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தைத் தம்பலகாமத்தில் வயல் உழுவதற்குச் சாரதியிடம் கொடுத்தனுப்பினார். திரும்பும் வழியில் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் முதிரைக் குற்றிகளை ஏற்றிப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணமும் கட்டிவிட்டார். இப்போது இயந்திரத்தை அரசுடைமையாக்கப் போகிறார்களாம். குற்றம் செய்யாதவரின் பொருளை எடுப்பது என்ன நியாயம் ஐயா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நியாயத்தைப் பேசுமுன் உங்கள் மைத்துனர் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவருக்கு அவசரம் அதுதான். சாரதி ஒப்புக்கொண்டதால் மட்டும் இயந்திரம் கைவிட்டுப் போவதில்லை. குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளரை விசாரிக்காமல் அவருடைய வாகனத்தைப் பறிமுதல் செய்யக்கூடாது என்று, காடுகள் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு தொடர்பான மனவாடு வழக்கில் 1987ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும், வாகனம் குற்றத்துக்குப் பயன்படாமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்ததாக மூன்றாந்தரப்பு உரிமையாளர் நிரூபித்தால் பறிமுதல் கட்டளை பிறப்பிக்கப்படலாகாது என்கிறது. ஆகவே வாகன விசாரணையில் அவர் சாட்சியமளிக்க வேண்டும். 'களவு வேலைக்குப் போகாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன்' என்ற வாய்ச்சொல்லை மட்டும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. எந்த வயலுக்கு அனுப்பினார், எத்தனை மணிக்குத் திரும்பச் சொன்னார், தாமதமானபோது தொலைபேசியில் விசாரித்தாரா, சாரதியிடம் எழுத்தில் நிபந்தனை வாங்கியிருந்தாரா என்பவற்றுக்கெல்லாம் அவரிடம் விடையும், இயன்றவரை சான்றும் இருக்கவேண்டும்.

இனி நியாயத்துக்கு வருவோம். தன் பொருளைப் பற்றி உரிமையாளரிடமே விளக்கம் கேட்பதில் தவறில்லை. அவர் என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். மரக் கடத்தலில் 'எனக்குத் தெரியாது' என்பது முதலாளிமார் வழக்கமாகப் பிடிக்கும் குடை என்பதையும் மறுக்க முடியாது. எனக்கு உறுத்துவது 'எல்லா' என்ற அந்த ஒரு சொல். ஒற்றை இயந்திரத்தை வைத்துப் பிழைப்பவர் ஒவ்வொரு நடைக்கும் சாரதியின் பக்கத்தில் ஏறி உட்கார முடியுமா? குற்றம் செய்தவர் தண்டப்பணத்தோடு வீட்டுக்குப் போக, செய்யாதவர் இயந்திரத்தை இழந்து அதற்கான தவணையையும் மாதந்தோறும் கட்டுவதென்றால், தண்டனை ஆளையே மாற்றிப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

பொருளின்மீது பழியைப் போடுவது பழைய பழக்கம். இங்கிலாந்தில் ஒருவர்மீது வண்டி ஏறி அவர் இறந்தால், அந்த வண்டியோ அதன் பெறுமதியோ மன்னருக்குச் சேரும் என்ற விதி 1846ஆம் ஆண்டுவரை இருந்தது. நம் மனுநீதிச் சோழன் கதையில் கன்றைக் கொன்ற தேரை யாரும் பிடித்துவைக்கவில்லை. தேரை ஓட்டியவனைத்தான் மன்னன் பிடித்தான். அவன் கொடுத்த தண்டனை நமக்கு உவப்பானதல்ல, ஆனால் யாரைப் பிடிக்கவேண்டும் என்பதில் அவனுக்குக் குழப்பம் இருக்கவில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டில்கூட, கணவர் செய்த குற்றத்துக்காக மனைவிக்கும் உரித்தான காரைப் பறித்தது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதியரசர்களில் ஐவரின் முடிவாகக் கூறியது. பறிப்பு குற்றத்துக்கு அளவாக இருக்கவேண்டும் என்ற கோணத்தை 2019ஆம் ஆண்டு டிம்ஸ் வழக்கு அங்கே வலுப்படுத்தியது. அதில் டிம்ஸ் என்பவரின் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டப்பணம் 10,000 டொலர். பறித்த வாகனத்தின் விலையோ ஏறத்தாழ 42,000 டொலர். நம் விசாரணைகளிலும் குற்றிகளின் விலையையும் இயந்திரத்தின் விலையையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: குற்றத்தீர்ப்பு இல்லாமலே சொத்துகளை எடுக்க இடமளிக்கும் புதிய சட்டம் வந்துள்ளது. போதைப்பொருள் வியாபாரிகளின் மாடிவீடுகளைப் பார்க்கும்போது அதை வரவேற்கத் தோன்றுகிறது. என் எண்ணம் தவறா?
– ஆசிரியை, உப்புவெளி

பதில்: தவறில்லை. குற்றச்செயல்களால் வரும் சொத்துகள் பற்றிய 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைத்தான் குறிப்பிடுகிறீர்கள். குற்றவாளி இறந்தாலோ நாட்டைவிட்டு ஓடினாலோ, அவர் சேர்த்தது அவருடைய குடும்பத்துக்கே மிஞ்சட்டும் என்று விட்டுவிட முடியாது. திருகோணமலை போன்ற துறைமுக ஊரில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: உரிமையாளர் கடல் கடந்து எட்டாத் தொலைவில் இருந்தால், கடனுக்குக் கப்பலையே பிடித்துவைப்பார்கள். ஆனால் திருட்டில் வந்த பணத்தை எடுப்பது வேறு, தெரியாமல் திருட்டுக்குப் பயன்பட்ட கருவியை எடுப்பது வேறு. முன்னதில் எவரும் தமக்குரியதை இழப்பதில்லை.

நான் அஞ்சுவது, எடுப்பவருக்கே அதில் பங்கு கிடைக்கும் ஏற்பாட்டைத்தான். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் சட்டம் பறித்த சொத்தின் வருமானத்தைச் சட்ட அமலாக்கத் துறைக்கே விட்டது. கூட்டாட்சி அரசோடு சேர்ந்து பறித்தால் உள்ளூர்ப் பொலிஸுக்கு 80 வீதம்வரை கிடைக்கும். சட்டைப்பையில் இருக்கும் ரொக்கம்கூடச் சந்தேகத்துக்கு இடமாகிப்போன கதை அங்கிருந்துதான் தொடங்கியது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015ஆம் ஆண்டில் குற்றத்தீர்ப்பில்லாத பறிமுதலை ஒழித்து, வருமானத்தையும் பொது நிதிக்குத் திருப்பிவிட்டது. நம் நாட்டுச் சுங்கத்திலும் பறிமுதலிலிருந்து அதிகாரிகளுக்கு வெகுமதி வழங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அந்த வழக்கம் புதிய சட்டத்துக்குள்ளும் நுழைகிறதா என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கேள்வி: வழக்கு முடியும்வரை வாகனம் பொலிஸ் நிலைய வளவில் துருப்பிடிக்கிறதே?
– வாசகர், மூதூர்

பதில்: கடற்காற்றுக்கு வழக்குத் தவணை தெரியாது. பதிவுசெய்த உரிமையாளர் பிணைமுறியின் பேரில் வாகனத்தைப் பொறுப்பில் எடுக்கச் சட்டத்தரணி ஊடாக நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். எல்லாக் குற்றங்களுக்கும் இது கிடைக்காது. கிடைக்காவிட்டால், வாகனத்தை ஒப்படைக்கும் நாளிலேயே டயர், பேட்டரி, மீட்டர் வாசிப்பு ஆகியவற்றைப் படமெடுத்து, பொலிஸ் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.