“நிதானமாத்தான் இருக்கேன்” என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவர் தினமும் குடிப்பவர் இல்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் மாடியில் ஒரு குவார்ட்டர் உள்ளே போய்விடும். அப்புறம் என்னையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் பொள்ளாச்சியிலிருந்து திருப்பூர் வரை அவரேதான் கார் ஓட்டுவார். கேட்டால், “நிதானமாத்தான் இருக்கேன்” என்கிறார். “நாலு பேர் முன்னாடி புருஷனை அவமானப்படுத்தாதே” என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, அடுத்த முறை அவர் குடித்திருந்தால் நீங்களும் குழந்தையும் அந்தக் காரில் ஏறாதீர்கள். அவர் குடியை விடுவதற்கு நாளாகலாம். ஏறாமல் இருப்பது இன்றைக்கே உங்கள் கையில் இருக்கிறது.

அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. கால் தள்ளாடுவதற்கு வெகு முன்பே, ‘நம்மால் ஓட்ட முடியுமா’ என்று எடைபோடும் புத்தியை மது மங்கவைத்துவிடும். எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்பதும் சரியாகப் பிடிபடாது. அந்த நேரத்தில் அவரோடு வாதாடிப் பயனில்லை, சாவியைப் பிடுங்கவும் போகாதீர்கள்.

180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7, 8 கிராம்தான் கரைக்கும். அதாவது ராத்திரி பத்து மணிக்குக் குடித்தது, விடிந்து ஆறு மணிக்குக்கூட முழுதாக இறங்காமல் இருக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது.

ஆகவே, விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அவர் தெளிவாக இருக்கும்போது தனியாகப் பேசுங்கள். “குடிக்காதீங்கன்னு இப்ப நான் சண்டை போடல. குடிச்சா ஆக்டிங் டிரைவர் வரட்டும், இல்ல ராத்திரி அங்கேயே தங்கிடலாம். ரெண்டும் இல்லைன்னா நானும் பாப்பாவும் பஸ்ல வந்துடுவோம்.” இவ்வளவு போதும். சொன்னபடி ஒரு முறையாவது நடந்துகாட்டுங்கள். மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேத்தி வரும் கார் அது.

மனசு இளகாதவர் பணக் கணக்குக்கு இளகலாம். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். போதையில் இடித்தால், நம் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸில் பணம் வராது.

‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடிகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். விசேஷக் குடி வாரக் குடியாக மாறுவது போலத் தெரிந்தால், 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசகரிடம் பேசுங்கள். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசலாம்.

இத்தனைக்குப் பிறகும் அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், 112-க்கு அழைத்து வண்டி எண்ணையும் எந்த ரோட்டில் போகிறார் என்பதையும் சொல்லுங்கள். கட்டினவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கை நடுங்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதே ரோட்டில் ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு, அவர் குடித்திருப்பது தெரியாது.