கொறங்காட்டில் நேப்பியர் போடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் சுமார்தான். காட்டை உழுது நேப்பியர் என்ற தீவனப் புல் போட்டால், அதை மட்கவைத்து பயோகேஸ் எடுக்க டன் கணக்கில் வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். ஒருமுறை நட்டால் பல வருஷம் அறுக்கலாமாமே?
- ஒரு வாசகி, வெள்ளகோவில்

பதில்: அவர் பொய் சொல்லவில்லைங்க அம்மணி, பாதியைச் சொல்லியிருக்கிறார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4 என்ற கம்பு நேப்பியர் ரகத்தை நட்டால் 75, 80 நாளில் முதல் அறுப்பு வரும். அப்புறம் 45 நாளைக்கு ஒருமுறை அறுக்கலாம். ஹெக்டேருக்கு வருஷம் 380 முதல் 400 டன் என்கிறார்கள். ஆனால் அது பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் கட்டிய தோட்டத்துக் கணக்கு. கோபியில் வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் நானே கோடையில் புல்லைக் காப்பாற்றத் திண்டாடுகிறேன். உங்கள் பக்கம் வருஷ மழையே 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். போர் போட்டுப் புல் வளர்த்தால் கரண்டுக்கும் தண்ணிக்கும் ஆகிற செலவை யார் தருவார்?

பச்சைப் புல்லில் பத்துக்கு எட்டுப் பங்கு ஈரம். 10 டன் ஏற்றினால் 8 டன் தண்ணீருக்கு வண்டி வாடகை. அதனால் வெட்டுகூலி யாருடையது, ஆலை எவ்வளவு தூரம், கேஸ் எடுத்தபின் மிஞ்சும் கழிவு உங்கள் காட்டுக்குத் திரும்பி வருமா, இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு அறுப்பிலும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) வண்டி ஏறிப் போகின்றன. கழிவு திரும்பாவிட்டால் உரக்கடைக்குத்தான் நடக்க வேண்டும்.

கொறங்காட்டை மட்டும் உழுதுவிடாதீர்கள். அதில் நிற்கும் கொழுக்கட்டைப் புல்லும் பல்லாண்டுப் புல்தான். வறட்சியில் காய்ந்து, ஒரு மழைக்குத் துளிர்க்கும். கிளுவை வேலி, வெள்வேல் நிழல், மேயும் மாடு எல்லாம் சேர்ந்த அமைப்பு அது. ஒருமுறை கலைத்தால் லேசில் திரும்பாது.

கேஸ்தான் வேண்டுமென்றால் மாடு வழியாக எடுங்கள். 25 கிலோ சாணத்தில் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கேஸ் வரும். இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் நாலைந்து பேர் வீட்டுச் சமையலுக்குப் போதும். மேய்ச்சல் மாடு சாணத்தில் பாதியைக் காட்டிலேயே போட்டுவிடும், கட்டுத்தரையில் கிடைப்பது மிச்சம்தான். அந்தக் குறைக்குச் சாணத்தோடு கலனில் சேர்க்க, சொட்டுநீரில் கால் ஏக்கர் நேப்பியர் போடுங்கள்.

அதிலும் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரும்பு டிரம் மிதக்கும் பழைய கலன். ஆசை ஆசையாகப் புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, தினம் ஒரு கூடை கொட்டினேன். மூன்றாவது வாரம் அடுப்பில் தீ நூலாகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து டிரம்மைத் தூக்கிப் பார்த்தால், புல்லெல்லாம் மிதந்து பாய் பின்னினாற்போல் அடைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இப்போது தண்டு முற்றுமுன் அறுத்து, தூளாக அரைத்து, சாணிப்பாலில் ஒருநாள் ஊறவைத்துத்தான் ஊற்றுகிறேன். சாணத்தில் கால்பங்குக்கு மேல் புல் சேர்ப்பதில்லை.

கேள்வி: நேப்பியரைக் காயவைத்து திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விற்க முடியுமா?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: தடித்த தண்டு காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்தாலும் பொட்டாஷும் மணல் சத்தும் (சிலிக்கா) அதிகம் என்பதால், எரித்த சாம்பல் உருகிக் கட்டிதட்டி பாய்லரில் ஒட்டும். அமெரிக்காவில் ஸ்விட்ச்கிராஸ், ஐரோப்பாவில் மிஸ்காந்தஸ் என்ற புற்களை எரிக்கிறார்களே என்பீர்கள். அங்கே பனிக்காலத்தில் புல் நின்றபடியே காய்கிறது, சத்தில் பெரும்பகுதி வேருக்கு இறங்கிவிடுகிறது. அதன்பிறகு அறுக்கிறார்கள். நம்மூர் நேப்பியருக்குத் தூங்க நாம் விடுவதே இல்லை, 45 நாளில் அரிவாளோடு போய் நிற்கிறோம். மாட்டுக்குப் போடுங்கள். பாய்லருக்குத் தேங்காய் மட்டை இருக்கிறது.