கிரியாட்டினின் நார்மல், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது, லூபஸ் (உடலின் எதிர்ப்புசக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் கால் வீங்கியது. சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ‘கிளாஸ் 4’ என்று வந்தது. மைக்கோஃபீனோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஸ்டீராய்டு 5 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது வீக்கம் இல்லை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்ற கணக்கு) 0.8. மாத்திரையை நிறுத்தலாமா? பின்னாளில் டயாலிசிஸ் வந்துவிடுமா?

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘கிளாஸ் 4’ என்பது சிறுநீரகச் செயலிழப்பின் நான்காம் நிலை அல்ல. லூபஸால் சிறுநீரகத்துக்குள் வந்த அழற்சி எந்த வகை, எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான். ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதுகொண்டே வருபவர்கள் பலர்.

உங்கள் கடிதத்தில் கிரியாட்டினின் இருக்கிறது, சிறுநீரில் புரதம் எவ்வளவு என்பது இல்லை. நான் முதலில் தேடுவது அதைத்தான். சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு குறைந்த பிறகும் கிரியாட்டினின் நார்மல் எல்லைக்குள் நிற்கலாம். புரதம் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பாவில் நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கி 12 மாதத்தில், ஒரு நாளில் வெளியேறும் புரதம் சுமார் 0.7–0.8 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஏழு வருடம் கழித்தும் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. இறங்காவிட்டால் கதை முடிந்தது என்றில்லை. ஆரம்பத்தில் நிறைய புரதம் போனவர்களுக்கு அது இறங்க இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

டயாலிசிஸ் பற்றி: லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியவர்களில் சுமார் 10 முதல் 30 சதவீதம் பேருக்குக் காலப்போக்கில் அது செயலிழக்கிறது. கிளாஸ் 4-இல் ஆபத்து கூடுதல்தான், மறைக்கவில்லை. நோய் மீண்டும் கிளம்பும் ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தில் கொஞ்சம் தழும்பு விழுகிறது, தழும்பான இடம் திரும்ப வேலை செய்யாது. பெரும்பாலும் சிறுநீரகம் இப்படித் தவணை தவணையாகத்தான் போகிறது.

அதனால் இப்போது நிறுத்த வேண்டாம். மைக்கோஃபீனோலேட் போல நோயை அடக்கும் மருந்து குறைந்தது மூன்று வருடமாவது தேவை. அப்புறம் குறைப்பதானாலும் முதலில் ஸ்டீராய்டுதான், அதுவும் டாக்டர் சொல்லி, படிப்படியாக. ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் நீண்டகாலம் தொடருங்கள். நோய் திரும்புவதை அது குறைக்கிறது. நாளடைவில் அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை அவசியம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த வயதில் சொல்லியாக வேண்டும். மைக்கோஃபீனோலேட் கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிட்டால் குறைந்தது ஆறு வாரம் முன்பே டாக்டர் சொல்லி அதை விட்டு, கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய அசாதையோபிரின் என்ற மருந்துக்கு மாற வேண்டும்; நோயும் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். அதுவரை கருத்தடை தேவை.

அடுத்த முறை ரத்தத்தோடு சிறுநீரும் கொடுத்து, புரதம்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒற்றை எண்ணைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் உங்கள் டாக்டருக்கு வேண்டும்.