டிராக்டர் டிரெய்லரில் எல்இடி பின்விளக்கு மங்கி மங்கி எரிவது ஏன்?

பெரும்பாலும் விளக்கில் கோளாறு இருக்காது, எர்த்தில்தான் இருக்கும். எர்த் என்றால் விளக்குக்கு வந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழைநீர் விழுவதை எல்லாரும் பார்ப்போம். தண்ணீர் தேங்கிய பிறகுதான் வெளியேறும் வழி அடைத்தது தெரியும். வயரிங்கிலும் அதே கதைதான்.

பல டிரெய்லர்களில் எர்த் வயரைச் சட்டத்தில் ஒரு போல்ட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். அடியில் பெயின்ட், மேலே துரு, காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் சேறு வேறு. தொடுப்பு எப்படி நிற்கும்? பழைய குண்டு பல்பில் மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். எல்இடி எதிர்த்திசையில் மின்சாரத்தை விடாது. அதனால் மங்கும், இல்லையென்றால் அணைந்தே போகும்.

சோதிப்பது சுலபம். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தனி வயரை விளக்கின் எர்த் முனைக்கு நேராகக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் திருடன் அகப்பட்டான். இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். டிராக்டரோடு டிரெய்லர் வயரிங்கை இணைக்கும் சாக்கெட்டிலிருந்தே விளக்குக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. நான் அதைத்தான் சொல்வேன்.

புது விளக்கு மாட்டியதும் எரியவில்லை என்றால் ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. 12 வோல்ட் குண்டு பல்புக்கு வயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் எரியும், சாதாரண எல்இடி விளக்குக்குப் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது.