மறுநாள் காலைப் பேச்சு

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கோவையில் இருக்கிறேன். 2020 ஊரடங்கின்போது தொடங்கிய ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறேன். விதை பரிமாறிக்கொள்வது, செடியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்று கேட்பது, இப்படித்தான் எங்கள் பழக்கம். நாற்பது பேர் இருப்போம். சென்னை, மதுரை, பெங்களூரு, துபாய் என்று பல ஊர். பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர்களைவிட இவர்களோடுதான் தினமும் பேசுகிறேன். அரசியல் பேசக் கூடாது என்பது குழுவின் விதி.

2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டோம். மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பேச்சு தொடங்கிவிட்டது. எல்லோரும் மை வைத்த விரலைப் படமெடுத்துப் போட்டார்கள். ‘எங்க பூத்தில் ஒன்றரை மணி நேரம் க்யூ’ என்றார் ஒருவர். ‘நான் போனப்போ ஆளே இல்லை’ என்றார் இன்னொருவர். வெயிலைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒரு தம்பி தன் 87 வயதுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னான். மதுரை அக்கா, ‘எங்க அம்மாகிட்ட வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போனாங்களே’ என்றார். என் அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை என்று நானும் எழுதினேன், ஐந்தாறு பேர் வருத்தப்பட்டார்கள். அப்புறம் ராத்திரி 72 என்று சொன்ன வாக்குப்பதிவுச் சதவீதம் காலையில் 69 ஆனது எப்படி என்று கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு இட்லி, தக்காளி நாற்று.

எனக்குத் தாங்கவில்லை. ஐந்து வருடத்துக்கான தீர்ப்பை எழுதிவிட்டு வந்திருக்கிறோம், மறுநாள் காலையில் வெயிலையும் க்யூவையும் பற்றியா பேசுவது? ‘யார் யாருக்குப் போட்டீங்க, ஏன் போட்டீங்கன்னு இன்னைக்கு ஒரு நாளாவது மனசு விட்டுப் பேசலாமே’ என்று எழுதினேன். குழு அப்படியே அமைதியானது. பத்து நிமிடம் கழித்து ஓர் அக்கா வெண்டைச்செடி படம் ஒன்றைப் போட்டார். எல்லோரும் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது கோழைத்தனம் இல்லையா சார்? இந்த மாதிரி நட்பால் என்ன பயன்? வெளியேறிவிடலாம் என்று இருக்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

வெளியேற வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்களுக்கு எரிச்சல் தந்த பேச்சை நீங்களே மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலை உங்கள் நண்பர்கள் பேசியதெல்லாம் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று வேறு எதைப் பேசியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது, பெரும்பாலும் விடிவதற்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. அங்கே மறுநாள் காலை ஒருவர் கொண்டாடுவார், ஒருவர் துக்கத்தில் இருப்பார். நமக்கு இந்த முறை அப்படி இல்லை. ஏழு கட்டத் தேர்தலில் தமிழ்நாடு முதல் கட்டம். ஓட்டுப் போட்ட நாளுக்கும் ஜூன் 4 எண்ணிக்கைக்கும் இடையே 46 நாட்கள். வாக்குக் கணிப்புகளை ஜூன் 1 மாலை ஆறரை வரை வெளியிடவும் தடை. ஆக ஏப்ரல் 20 காலையில் யாரிடமும் முடிவு இல்லை, கணிப்பும் இல்லை. ஒவ்வொருவரிடமும் இருந்தது, தான் கண்ணால் பார்த்த ஒரு வாக்குச்சாவடி மட்டும்தான். அதைத்தான் பேசினார்கள்.

நான் ஆசிரியராக இருந்தவன், தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். சாவடிக்குள் இருப்பவர்களுக்கு வெளியே நடப்பது தெரியாது. ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்க வேண்டும். கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, முத்திரையிட்ட பிறகுதான் உண்மையான ஓட்டு. மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுக்க வேண்டும், புதிதாக யாரும் வரிசையின் வாலில் சேர்ந்துவிடாதபடிக்கு. இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது பல பேருக்கு விடிந்துவிடும். வரிசையில் நிழல் இருந்ததா, தண்ணீர் இருந்ததா, சாய்தளம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதெல்லாம் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் மறுநாள் காலையில் சொல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துபோவார்கள்.

வெயிலைப் பற்றிப் பேசியதை அற்பம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அன்று சேலத்தில் ஓட்டுப் போட வந்த இடத்திலேயே முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் வைப்பது சரியா, வைத்தால் பந்தலும் தண்ணீரும் கட்டாயமாக இருக்க வேண்டாமா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழ வேண்டும். ‘ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன்’ என்று ஒருவர் எழுதும்போது அவர் அரசியல்தான் பேசுகிறார்.

பாட்டியின் கதை எனக்கு இன்னும் பிடித்திருந்தது. இந்த முறை 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதற்கும் இது முதல் முறை. 12டி என்ற படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் இரண்டு அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், காவலர் என்று ஒரு குழு வீட்டுக்கே வரும். மதுரை அக்காவின் அம்மாவுக்கு அது நடந்தது. அந்தத் தம்பி வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை, அதனால் பாட்டியை நாற்காலியில் தூக்கினார்கள். இந்த இரண்டு செய்தியும் ஒன்றை ஒன்று சந்தித்த இடம் உங்கள் குழு. அடுத்த தேர்தலில் அந்தப் பாட்டி இருந்தால், இதே வசதியும் இருந்தால், படிவத்தை யார் நினைவுபடுத்தப் போகிறார்கள்? அந்த அக்காதான்.

சதவீதக் கணக்குக்கு வருகிறேன். அன்று இரவு ஏழு மணி நிலவரப்படி 72.09 என்று தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். மறுநாள் அது 69.46 ஆனது, பிறகு இறுதியாக 69.72. மாநிலக் கணக்கில் இரண்டரைப் புள்ளிதான் வித்தியாசம். ஆனால் தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கியது. மத்திய சென்னை முதலில் 67 என்று வந்து கடைசியில் 54-ஐக்கூடத் தொடவில்லை. தருமபுரி 81-ஐத் தாண்டியிருக்கிறது. தலைநகரில் இரண்டு பேரில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அதைத் தமிழ்நாடு ஒரு ராத்திரி முழுக்கத் தெரியாமல் தூங்கியது.

இதில் சதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று மாலை வரும் எண்கள் சாவடிகளிலிருந்து போனிலும் செயலியிலும் அவ்வப்போது சொல்லப்படுபவை. எல்லாச் சாவடியும் சொல்லி முடிப்பதற்குள் சொன்னவற்றை வைத்துப் போடும் கணக்கு அது. சரியான எண் வேறு இடத்தில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் 17சி என்ற படிவத்தில் தன் சாவடியில் பதிவான மொத்த ஓட்டை எழுதிக் கையெழுத்திட்டு முகவர்களுக்கு நகல் கொடுத்துவிடுவார். அதாவது ஒவ்வொரு சாவடியிலும் உண்மை அன்றிரவே காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 68 ஆயிரத்துச் சொச்சம் சாவடிகளின் காகிதங்களும் ஓரிடத்தில் கூட்டப்படத்தான் நேரமாகிறது. அந்தச் சாவடிவாரி எண்களை இணையதளத்தில் ஏற்றுங்கள் என்று இந்தத் தேர்தலில் பலர் கேட்கிறார்கள். முழுக்க நியாயமான கோரிக்கை. ஓட்டு ரகசியமாக இருக்கட்டும், ஓட்டின் எண்ணிக்கையில் ரகசியம் எதற்கு? உங்கள் குழுவில் ‘72 எப்படி 69 ஆச்சு’ என்று கேட்டவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு குடிமகன் அன்று காலை கேட்க வேண்டிய கேள்வி அது.

சரி, உங்கள் கேள்வி. யாருக்குப் போட்டீர்கள் என்று நண்பர்களிடம் கேட்டது தவறா?

நம்மிடம் 49 ஓ என்று ஒரு தேர்தல் விதி இருந்தது நினைவிருக்கும். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் சாவடி அலுவலரிடம் சொல்ல வேண்டும், அவர் பதிவேட்டில் எழுதுவார், நாம் கையெழுத்திட வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சின்ன ஊரில் அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி நடமாடுவார்? பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ரகசிய மீறலைத்தான் குற்றமாக எடுத்துக்கொண்டது. அப்படித்தான் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு இன்னும் தெளிவு: யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றமே கேட்க முடியாத கேள்வி.

நீங்கள் கட்டாயப்படுத்தவில்லை, அன்பாகத்தான் கேட்டீர்கள். ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் கேட்டீர்கள். அங்கே ஒருவர் வீட்டில் கணவருக்குத் தெரியாமல் வேறு சின்னத்தில் அழுத்தியவராக இருக்கலாம். ஒருவர் அரசு ஊழியராக இருக்கலாம். இன்னொருவருக்குத் தன் சாதிக்காரர்கள் எதிர்பார்த்ததை மீறி ஓட்டுப் போட்ட நிம்மதி இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதியதை யார் வேண்டுமானாலும் படம் பிடித்து அனுப்பிவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்து நிமிட அமைதியை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தனக்குச் சட்டம் கொடுத்த ஒரே ஒரு திரைமறைவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வெண்டைச்செடி படம் போட்ட அக்காவுக்கு உங்கள்மேல் கோபம் இருந்திருந்தால் அவர் ஒன்றும் போட்டிருக்க மாட்டார், அல்லது விதியைச் சுட்டிக்காட்டியிருப்பார். உங்களுக்கு சங்கடம் வராமல் பேச்சைத் திரும்பத் தொடங்கிவைத்தார். அப்படிப்பட்ட நண்பர்களை விட்டு எங்கே போகப் போகிறீர்கள்?

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். அரசியலே பேசாத நட்பு காலப்போக்கில் வற்றிவிடும் என்ற உங்கள் பயம் உண்மையானது. நான்கு வருடமாக ஒருவருக்கொருவர் விதை அனுப்பியவர்கள், தங்கள் ஊர் தண்ணீருக்கு என்ன ஆனது, யூரியா ஏன் கிடைக்கவில்லை, குப்பைக் கிடங்கு ஏன் குடியிருப்புக்கு நடுவில் வந்தது என்று பேசாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அதற்கு யாருக்குப் போட்டாய் என்ற கேள்வி தேவையில்லை. ‘ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் நம்ம எம்.பி. முதல்ல எதைச் செய்யணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டவர்களும் அதற்குப் பதில் சொல்வார்கள். யார் எந்தப் பக்கம் என்பது பேச்சில் தானாக வெளிப்பட்டால் வெளிப்படட்டும், சொல்ல விரும்புகிறவர் சொல்லிக்கொள்வார். ஜூன் 4-க்குப் பிறகு ஒருவர் மகிழ்ச்சியாகவும் ஒருவர் சோர்ந்தும் இருக்கும்போது இந்தப் பழக்கம் உங்களுக்கு உதவும்.

கடைசியாக உங்கள் அப்பா. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் மனதை அறுத்தது அதுதான். வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போட்ட ஒரு மனிதரைப் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்புவது சாதாரண விஷயமில்லை. அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை என்பதுதான் விதி.

முதலில் பெயர் உண்மையிலேயே நீக்கப்பட்டதா, அல்லது பட்டியலின் வேறு பாகத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் இரண்டு சாவடிகளில் பிரிந்துகிடப்பது அடிக்கடி நடக்கிறது. வாக்காளர் அட்டை எண்ணை வைத்து தேர்தல் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ தேடலாம், 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். வேறு இடத்தில் இருந்தால் படிவம் 8 போதும். எங்குமே இல்லையென்றால் தேர்தல் முடிந்ததும் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பகுதியின் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், யார் என்று கண்டுபிடித்து நேரில் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். எந்தக் காரணம் சொல்லி நீக்கினார்கள், இறந்தவர் என்றா, வீடு மாறியவர் என்றா என்று கேளுங்கள். எழுத்தில் கேட்பது நல்லது. அப்பாவையும் கூடவே அழைத்துப் போங்கள்.

பதில் என்ன வந்தது என்று குழுவில் எழுதுங்கள். அன்று காலை உங்களுக்காக வருத்தப்பட்ட அந்த ஐந்தாறு பேர் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் தேடிப் பார்ப்பார்கள்.